கேக்கலைங்க, திரும்பச் சொல்லுங்க

“தேயிலைத் தோட்டத்து லயத்துப் புள்ளைக்கு ரேடியோ எதுக்கு? தேத்தண்ணி ஊத்தட்டும்,” என்றார் எங்கள் வானொலித் தொண்டர் குழுவின் தலைவர். வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். ஊற்றிக் கொடுத்தேன்.

கொட்டகலை வீதி ஓட்டப் போட்டிக்காக, செய்தியை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் பெட்டிகளை வழிநெடுக வைத்தோம். வளைவில் வைத்தால் மரங்கள் அலையை மறைக்கும் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. ஓட்டத்துக்கு முந்தின நாள் சோதனையில் அந்த வளைவுப் பெட்டிதான் வேலை செய்யவில்லை.

“தங்கச்சி, எங்க வைக்கிறது?” வளைவிலிருந்து ரேடியோவில் தலைவரின் குரல் தெளிவாகவே கேட்டது.

“கேக்கலைங்க, திரும்பச் சொல்லுங்க.”

எல்லோர் காதிலும் விழும்படி மூன்று முறை கேட்கவைத்தேன். பிறகே, அம்மா கொழுந்தெடுக்கும் மலையின் உச்சிப் பாறையைச் சொன்னேன். அங்கே வைத்ததும் பெட்டி வேலை செய்தது.

அடுத்த ஓட்டத்துக்கான தலைமைப் பொறுப்புக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன். தேத்தண்ணிக்கு அவர் பெயரை.