வாசிக்காமல் விட்ட வரி

எனக்கு ஒன்பது வயதானபோது எங்கள் ஊர் தனக்கென்று ஒரு சட்டம் எழுதிக்கொண்டது. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய சின்ன ஊர். கொடியேற்றத்தன்று யார் முன்னே போவது, எந்த நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்பதெல்லாம் அதுவரை ஆளுக்கொரு விதமாக நினைவில் இருந்ததால் வருடத்துக்கு ஒரு சண்டை நிச்சயம். கடைசியில் ஊர்க் கமிட்டி ஒரு வக்கீலைப் பிடித்து விதிகளை எழுதவைத்து, தெருவுக்கு ஒரு நகல் கொடுத்தது. எல்லோருக்கும் வாசித்துக்காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். வாசிக்காத தெரு ஒன்று இருந்தாலும் விதிகளை நிறைவேற்றும் ஊர்க்கூட்டம் தள்ளிப்போகும் என்று செயலாளர் கோயிலில் அறிவித்தார்.

எங்கள் தெருப் பெண்கள் கருவாடு காயப்போடும் களத்தில் கூடினார்கள். வக்கீல் தமிழ் அவர்களுக்கு ஓடவில்லை. வாசிப்பில் பரிசு வாங்கியவள் என்று என்னை நடுவில் உட்காரவைத்தார்கள்.

"ஏளா, நிதானமா வாசி" என்றாள் பெரியம்மா.

பெரிய வெள்ளியன்று கோயில் வாசலில் மாதா ஒப்பாரியைத் தொடங்கிவைப்பவள் அவள்தான். மகனைப் பறிகொடுத்த மாதாவாகவே மாறி, மாரில் அடித்துக்கொண்டு பாடுவாள். பின்னால் இருபது பெண்கள் சேர்ந்து அழுவார்கள். விடுமுறை முடிந்து நான் வகுப்புக்குப் போனால், பிள்ளைகள் என்னைப் பார்த்து மாரில் அடித்துக் காட்டிச் சிரிப்பார்கள்.

ஏழாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. புனித வாரத்தில் ஆலய வளாகத்தில் பாடகர் குழுவைத் தவிர வேறெவரும் பாடலாகாது. மற்ற வரிகள் புரிந்தனவோ இல்லையோ, பெரிய வெள்ளி ஒப்பாரி இனிக் கிடையாது என்பது எனக்கு நன்றாகவே புரிந்தது. குரல் மாறாமல் அடுத்த விதிக்குத் தாவினேன். வாசித்து முடித்ததும் எல்லோரும் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பள்ளிக்கூடத்துக் கூடத்தில் செயலாளர் மைக்கைப் பிடித்து முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். இப்படி மறுபடியும் வாசிப்பார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஏழாம் பக்கத்தில் அந்த வரி வந்ததும் பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் எழுந்து நின்று, அந்த விதி வேண்டாம் என்றாள்.

கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, உங்கள் தெருவில் இதை வாசிக்கவில்லையா என்று செயலாளர் கேட்டார். பக்கத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாசிச்சாச்சு அண்ணாச்சி. நாந்தான் கருவாட்டத் திருப்பிப் போட எந்திச்சிப் போயிட்டேன்" என்றாள் பெரியம்மா.

அப்படியானால் காலம் கடந்துவிட்டது என்று முன்வரிசையில் யாரோ சொன்னார். பெரியம்மா உட்காரவில்லை.

"எங்க பாட்டு புஸ்தகத்துல இல்லதான். ஆனா ஊர்ல இருக்குல்லா. ஊருக்குச் சட்டம் எழுதுதவிய ஊர்ல உள்ளதத்தான எழுதணும்?"

அதன்பிறகு வெகுநேரம் பேச்சு நடந்தது. ஒப்பாரிச் சத்தத்தில் ஜெபம் காதில் விழுவதில்லை என்றார்கள். பாடகர் குழுவில் எங்கள் பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மாதா தாளம் பார்த்தா அழுதாள் என்று பெரியம்மா கேட்டாள். கையை உயர்த்தச் சொல்லி எண்ணியதில் ஒருவழியாக ஒரு திருத்தம் நிறைவேறியது. பெண்கள் பாடலாம், ஆனால் கோயில் வாசலில் அல்ல, கடற்கரையில் சிலுவை நட்ட குருசடியில். இன்றும் அங்கேதான் பாடுகிறார்கள். பாதி காற்றோடு போய்விடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் அடி விழும் என்று காத்திருந்தேன். பெரியம்மா ஒன்றும் கேட்கவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. நற்கருணை வாங்கிய வாயால் அவள் பொய் சொல்லிவிட்டாளே என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அதைச் சொல்வாளா, மறந்துவிடுவாளா என்று அந்த வாரம் முழுக்கக் கவலைப்பட்டேன். வாசிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட்டமே தள்ளிப்போய்க் கோயில் வாசல் அவள் கையைவிட்டுப் போகாமல் இருந்திருக்கலாம் என்பதோ, அப்படிச் சொன்னால் ஊர் நடுவே என்னை எழுப்பி நிறுத்தியிருப்பார்கள் என்பதோ அப்போது எனக்கு எட்டவில்லை.