அறுவை சிகிச்சை படிக்கப் போனவன்

இங்கே நோயாளிகள் தனியாக வருகிறார்கள். ஆறு வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. மதுரையில் வார்டில் நின்ற காலத்தில் நான் முதலில் கேட்கக் கற்றுக்கொண்ட கேள்வியே "கூட யாரு வந்திருக்கா?" என்பதுதான். இரத்தத்துக்கு அலைய, மருந்து வாங்க, கட்டிலைத் தள்ள, எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் வேண்டும். அமெரிக்காவின் டெட்ராய்ட்டுக்கு வந்த முதல் வாரம், பித்தப்பை வலியோடு படுத்திருந்த ஒரு முதியவரிடம் அதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் முகம் வெளிறிவிட்டது. "நான் சாகப் போகிறேனா, டாக்டர்?" என்றார். கூட யார் இருக்கிறார்கள் என்று இங்கே டாக்டர் கேட்டால், கெட்ட செய்தி வரப்போகிறது என்று பொருளாம். நர்ஸ் வந்து அவரைத் தேற்ற அரை மணி நேரமானது.

இந்த மாதம் மதுரையிலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றும் நான் முகம் பார்த்திராத ஹவுஸ் சர்ஜன்கள் எழுதியவை. எந்தத் தேர்வு எழுதுவது, எந்த ஊருக்கு விண்ணப்பிப்பது, எந்தப் பிரிவை எடுப்பது என்று கேட்டிருந்தார்கள். பதில் எழுத உட்கார்ந்து, இரண்டு வரிக்கு ஒரு முறை எழுந்து சன்னலோரம் போய் நின்றேன். ஒரு கடிதமும் முடியவில்லை. ஆகையால் எனக்கு நடந்ததை மூவருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். தம்பிகள் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்.

எனக்கும் ஹபீபுக்கும் சர்ஜரி பைத்தியம். ஹபீப் என் வகுப்புத் தோழன். அவன் அத்தா பழைய ஊருக்குள் லுங்கிக் கடை வைத்திருந்தார். என் அப்பா தல்லாகுளத்தில் கோர்ட்டு குமாஸ்தா. மேற்படிப்பில் சர்ஜரிக்கு இருந்த சில இடங்களில் இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை. அமெரிக்கா போகலாம் என்று முதலில் சொன்னவன் அவன்தான். அதற்கான தகுதித் தேர்வு அப்போது இந்தியாவில் நடக்கவில்லை. ராமேஸ்வரத்தில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, ரயில் பிடித்துக் கொழும்புக்குப் போனோம். கப்பல் தளத்தில் எனக்கு வாந்தி. ஹபீப் என் முதுகைத் தடவிக்கொண்டே இதய நோய்களைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான்.

மருத்துவத் தாள்கள் எங்களை மிரட்டவில்லை. ஆங்கிலத் தாளில்தான் இடறினோம். டேப்பில் ஓர் ஆணும் பெண்ணும் ஏதோ கடையில் பேசிக்கொள்வார்கள். அவர்களுக்குள் என்ன பிரச்சினை என்று நாம் எழுத வேண்டும். வெளியே வந்ததும் ஹபீப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"மாப்ள, அம்புட்டும் மூக்காலயே பேசுறாய்ங்கடா. பாதிக்கு மேல ஒண்ணும் வெளங்கல."

"எனக்கும்தான். விடு, குத்துமதிப்பா எழுதியிருக்கேன்."

என் குத்துமதிப்பு பலித்தது. மருத்துவத்தில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கிய ஹபீப், அந்த டேப்பில் தோற்றான். முடிவு வந்த அன்று சைக்கிளில் என் வீட்டுக்கு வந்து, "நீ போ. நான் பின்னாடியே வாரேன்" என்றான். தம்பிகளே, ஆங்கிலம் படிக்கத் தெரிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். தினமும் வானொலியில் அமெரிக்கர்கள் பேசுவதைக் கேளுங்கள். என்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் அதனால்தான் நின்றுபோனான்.

எனக்கு இரண்டு இடங்களிலிருந்து பதில் வந்தது. ஒன்று சிற்றூரில் பொது மருத்துவம். மற்றது டெட்ராய்ட்டில் சர்ஜரி. யாரையும் கேட்காமல் சர்ஜரிக்குக் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் அனுப்பிய பளபளப்பான புத்தகத்தில் முதல் வருடம் பன்னிரண்டு பேர் என்று இருந்தது. கடைசி வருடம் எத்தனை பேர் என்று நான் பார்க்கவில்லை. மூன்று பேர்தான். இதைப் பிரமிடு முறை என்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் சிலரைக் கழித்துக்கொண்டே போவார்கள். கழிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் எங்களைப் போல வெளிநாட்டில் படித்தவர்கள்தான் என்பது அங்கே போய்ச் சேர்ந்த பிறகே தெரிந்தது.

அந்த ஒரு வருடம் நான் உட்கார்ந்து சாப்பிட்ட நினைவில்லை. வசந்த காலத்தில் தலைமை சர்ஜன் என்னை அறைக்கு அழைத்தார். சிரித்த முகத்தோடு காபி கொடுத்தார். உன் கைகள் அருமையான கைகள், உன்னோடு வேலை செய்தது எங்களுக்குப் பெருமை, நீ எங்கே போனாலும் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றார். நான் பூரித்துப்போய் மூன்று முறை நன்றி சொல்லிக் கையைக் குலுக்கிவிட்டு வந்தேன். அன்றே ஹபீபுக்கு, இரண்டாம் வருடம் உறுதி என்று கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தேன். இரண்டு நாள் கழித்து, என்னோடு பயிற்சியில் இருந்த ஒரு பஞ்சாபி டாக்டர் என் தோளில் கை வைத்து, "உன்னையும் அனுப்புகிறார்களாமே" என்றபோதுதான் அந்தக் காபியின் அர்த்தம் புரிந்தது. மதுரையில் என்றால் எங்கள் பேராசிரியர் நேராகத் திட்டியிருப்பார். திட்டினால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும். இந்தப் புன்னகையை என்ன செய்வது?

வேலை போனால் விசாவும் போகும். இரண்டு மாதம் முப்பத்தைந்து ஆஸ்பத்திரிகளுக்கு எழுதினேன். கடைசியில் மயக்க மருந்துப் பிரிவின் தலைவியான பிலிப்பைன்ஸ் அம்மையார் ஒருவர் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் என்னை நிறுத்தினார். "என்னிடம் ஓரிடம் இருக்கிறது. நாளைக்குள் சொல்." அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. அதனாலேயே நம்பினேன். அடுத்த நாள் சரி என்றேன்.

எனவே தம்பிகளே, முதல் வருடத்தில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். கடைசி வருடத்தில் எத்தனை பேர், அவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். அங்கே படிக்கும் ஒருவருக்குத் தனியாக எழுதுங்கள். பயிற்சி முடிந்து எந்த மாநிலத்தில் தொழில் செய்ய நினைக்கிறீர்களோ, அங்கே லைசென்ஸ் விதி என்ன என்பதை முன்பே விசாரியுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பிரிவு எது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நல்ல வேலை, மரியாதையான வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. ஆனாலும் சர்ஜன் கத்தியைக் கையில் வாங்கும் ஒவ்வொரு முறையும் என் விரல்கள் ஒரு நொடி மடங்குகின்றன.

போன கோடையில் ஊருக்கு வந்தேன். ஹபீப் மறுமுறை கொழும்புக்குப் போகவே இல்லை. அடுத்த வருடமே மதுரையில் சர்ஜரி இடம் கிடைத்து, படித்து, இப்போது சிறிய நர்சிங் ஹோம் வைத்திருக்கிறான். நான் வந்த நான்காம் நாள் காலை வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மயக்க டாக்டருக்குக் காய்ச்சல். ஒரு குடல்வால் கேசு, தள்ளிப்போட முடியாது. வாரியா?"

போனேன். அழகர்கோவில் பக்கத்து ஊர்க்கார அம்மாள் ஒருத்தி மேசையில் படுத்திருந்தாள். என் டாக்டர் பதிவு இன்னும் சென்னையில் உயிரோடு இருக்கிறது என்றாலும், மருந்துக் குப்பியின் பெயரை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஊசியில் மருந்தை ஏற்றியபடி, பழக்கத்தில் நூறிலிருந்து பின்னோக்கி எண்ணும்படி ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் புரியாமல் திருதிருவென விழித்தாள்.

"தமிழ்ல சொல்லுடா" என்றான் ஹபீப். முகமூடிக்கு மேல் அவன் கண்கள் சிரித்தன.

தமிழில் சொன்னேன்.

"எண்ணத் தெரியாதுய்யா. பிள்ளைக பேரு சொல்லட்டா?"

"சொல்லுங்கம்மா."

"மூத்தவன் பாண்டி. அடுத்தவ செல்வி, மேலூர்ல கட்டிக்குடுத்திருக்கு. கடைசி முருகேசன், சவுதிக்குப் போயிட்டான். அவன் வந்து..."

குரல் அங்கேயே நின்றது. ஹபீப் கத்திக்குக் கை நீட்டினான். நான் தலைமாட்டில் நின்று, அவள் மூச்சை என் கையில் பிடித்துக்கொண்டு, அவன் வந்து என்ன என்று கேட்க முடியாமல் நின்றேன்.