ஹஸ்பண்ட் நேம்

பொன்மலை ரயில்வே லைன் வீட்டுக்கு வாழ வந்த புதுசில் எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் இங்கிலீஷ் தெரியும் என்று நினைப்பு. அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் காலத்தில் புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது. சொன்னால் அவர் ஆயுசு குறையும். உப்பிலியபுரத்தில் என் அம்மா "ஏங்க", "இந்தாங்க" என்றே காலத்தை ஓட்டிவிட்டாள். பொன்மலையில் அந்தக் கஷ்டம் இல்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலையை வைத்து ரயில்வே ஒர்க்ஷாப்பே ஒரு இங்கிலீஷ் பேர் கொடுத்திருந்தது. "டர்னர் சாப்பிட்டாச்சா?" "எங்க ஃபிட்டருக்கு இன்னிக்கு ரெஸ்ட்டு." எதிர்வீட்டு டர்னர் சம்சாரமும் நானும் குழாயடியில் இப்படிப் பேசிக்கொண்டு நின்றால், இரண்டு துரைசானிகள் நிற்கிறதாக எனக்குத் தோன்றும். ஊருக்குப் போனால் டூட்டி, அர்ஜென்ட் என்று எடுத்துவிடுவேன். அம்மா வாயைப் பிளப்பாள். எனக்கு அது போதும்.

ஒரு நாள் காலையில் தலைச்சன் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி, கண் செருகி, கை கால் வெட்டி இழுத்தது. அவர் டூட்டியில். டர்னர் சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு ரயில்வே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

சட்டைக்கார நர்ஸம்மா, ஆங்கிலோ இந்தியக்காரி, சீட்டு எழுத உட்கார்ந்தாள்.

"ஹஸ்பண்ட் நேம்?"

ஹஸ்பண்ட் தெரியும். நேம் தெரியும். அர்த்தம் தெரியாத மூடமாக இருந்திருந்தால்கூடத் தப்பித்திருப்பேன்.

"ஃபிட்டர்," என்றேன், தலை நிமிர்ந்து.

"ஃபிட்டர் நூறு பேர் இருக்கான். யார் ஃபிட்டர்?"

"எங்க ஃபிட்டருங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஸ்ரீரங்கத்துல படுத்திருக்காரே, அவரு பேருங்க," என்றேன்.

கம்பவுண்டர் தலையில் அடித்துக்கொண்டார். "அந்தப் பேர்லதாம்மா பாதிப் பொன்மலை இருக்கு. முன்னால பின்னால என்ன வருது?"

நான் டர்னர் சம்சாரத்தைப் பார்த்தேன். "அக்கா, நீங்க சொல்லுங்க."

"எனக்கு ஃபிட்டரண்ணன்னுதானே தெரியும்! எங்க டர்னரக் கேட்டாச் சொல்லும். அதுவும் ஒர்க்ஷாப்புக்குள்ளதானே கெடக்கு!"

மடியில் பிள்ளை மறுபடி வெட்டியது. சொல்லிவிட்டேன். சொன்னதென்ன, கத்தினேன். முழுப்பேரையும், மாமனார் பேரையும் சேர்த்து. அவர் ஆயுசில் கொஞ்சம் கிள்ளிப் பிள்ளைக்குப் போட்டது மாதிரி இருந்தது.

நர்ஸம்மா பிள்ளையை வாங்கி, ஈரத்துணி சுற்றி, மருந்து புகட்டினாள். பேர் கிடைத்ததும் ஒர்க்ஷாப்புக்கு ஆள் ஓடினான்.

அவர் எண்ணெய்க் கையோடு ஓடி வந்தார். வாசலிலேயே யாரோ பற்ற வைத்துவிட்டிருக்கிறார்கள்.

"எம் பேரு ரோடு வரைக்கும் கேட்டுச்சாமே?"

"கேட்டதெல்லாம் போகட்டும். பிள்ளைக்கு நெத்தி வேர்க்கிற மாதிரி இருக்கு. தொட்டுப் பாருங்க," என்றேன்.

கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு தொட்டார். வேர்த்துத்தான் இருந்தது.