பாறை மேல் ஒரு ஜோடி ஷூ

நேற்று மழையில் நனைந்து வந்து ஷூவை வாசலில் கழற்றிப் போட்டேன். வகுப்பில் பாடம் நடத்தி நாள் முழுக்க நின்ற கால். அம்மா அதைக் காலாலேயே ஓரம் தள்ளிவிட்டு உள்ளே போனாள். ஈரத் தோல் வாசனை மட்டும் என்னோடு நின்றது.

அந்த வாசனை வந்தால் எனக்கு மாதனூரில் அம்மா வேலைக்கு ஏறிய ஷூ கம்பெனி பஸ்தான் நினைவுக்கு வரும். ஒரு கோடையில் அது எங்களைக் கன்னியாகுமரிக்குக் கொண்டுபோனது. அந்த லீவுக்கு ஈடாக எல்லாரும் முந்தைய ஞாயிறே வேலை செய்திருந்ததால் பாதி பஸ் தூங்கிக்கொண்டே வந்தது. நான் பிளஸ் டூ முடித்த கர்வத்தில் விடிந்ததும் ஊர்ப் பலகைகளை உரக்கப் படித்தேன். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு படித்தவள் நான்தானே! யாரும் கேட்கவில்லை.

படகில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை கொடுத்தார்கள். ஊரார் வியர்வையெல்லாம் அதில் இருந்தது. அம்மா மாட்டுவதற்கு முன் தையலை இழுத்துப் பார்த்தாள்.

"இன்னாடி, லூஸா கீது? நம்ம லைன்ல பாஸ் ஆவாது."

நடுக்கடல் பாறையில், செருப்பு விடும் இடத்தில், அப்படியே நின்றுவிட்டாள். செருப்பு அடுக்கின் ஓரத்தில் ஒரு ஜோடி பழுப்பு ஷூ. மேலே மூன்று வரிசைத் தையல். முந்தைய மழைக்காலம் முழுக்க அவள் லைனில் ஓடிய மாடல். தைத்ததெல்லாம் பெட்டிக்குள் போய்க் கப்பல் ஏறிவிடும். ஒருவர் காலிலும் அவள் பார்த்ததில்லை. எடுத்து வளைத்தாள், ஷூவின் நாக்கைத் தூக்கினாள், தையல் மேல் நகத்தை ஓட்டினாள்.

"அம்மா, அது உங்களுக்குள்ளதா?" என்றார் செருப்புக்கு டோக்கன் கொடுப்பவர்.

"நாங்க தெச்சதுப்பா."

அவர் அம்மாவின் ரப்பர் செருப்பைப் பார்த்தார். "அப்போ டோக்கன காட்டுங்க."

பக்கத்து மெஷின் நூர்ஜகான் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "பேஜார் பண்ணாத தோஸ்த். மண்டபம் பாக்க வந்தியா, ஷூவ பாக்க வந்தியா?"

"நீ போய்ட்டு வா. இது யார் கால்ல ஏறுதுன்னு பாத்துட்டு வர்றேன்."

பாறை சுட்டது. எனக்கும் கால் ஓய்ந்திருந்தது. அம்மாவோடு நிழலில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஆட்கள் திரும்பி வந்து படகுக்கு வரிசையில் நின்றார்கள். அம்மா நகரவில்லை. கடைசியில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வந்தார். காலை நுழைத்தார், குதிகாலைத் தரையில் ஒரு தட்டு தட்டினார், நடந்தார். அவர் நடையையே பார்த்திருந்தாள் அம்மா.

"கடிக்கல," என்றாள்.

மண்டபத்தைப் பார்க்காமலே படகேறி என் தோளில் தூங்கிப்போனாள்.

பிறகு கம்பெனியில் அந்த லைனை எடுத்துவிட்டார்கள். பஸ்ஸும் வருவதில்லை. இன்று காலை ஷூவுக்குள் செய்தித்தாள் திணித்தபோது பார்த்தேன், குதிகாலில் தையல் விட்டிருந்தது.

"எம்மா, இதப் பாரேன்," என்று நீட்டினேன்.

"கடைல குடு," என்றாள், திரும்பாமலே.