இடுப்பளவு தண்ணீர்

தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. குறுக்குத்துறைப் படிக்கட்டில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக் குளித்த வீரன் நான். அதைவிடப் பெரிய மடத்தனம், வேலைக்குச் சேர்ந்த அன்று "நீச்சல் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டதற்கு, "திருநெல்வேலிக்காரன்ட்ட கேக்குற கேள்வியா சார்?" என்று சிரித்துவைத்தது.

தொண்ணூறுகளில் என் வேலை, கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குவாரிகளில் மண்ணும் தண்ணீரும் எப்படி இருக்கின்றன என்று சோதிப்பது. டவுனுக்கு வடக்கே அப்படி ஒரு குவாரி. மழைத் தண்ணீர் நிரம்பி மயில்கழுத்து நிறத்தில் கிடந்தது. பக்கத்து ஊர் அக்கா ஒருவர் தன் ஆடுகளுக்கு அங்கேதான் தண்ணீர் காட்டுவார். ஓர் ஆடு செத்துப்போனதும், குவாரித் தண்ணீர் விஷம் என்று பேச்சு கிளம்பிவிட்டது. சோதனையில் அப்படித்தான் வந்தால் சுற்றிலும் முள்கம்பி போட்டுவிடுவார்களாம். கோடையில் அந்த ஆடுகளுக்கு வேறு தண்ணீர் கிடையாது.

ஓரத்துத் தண்ணீர் சோதனைக்கு உதவாது. லாரி டியூபில் மிதந்துபோய், நடுவில் பாட்டிலைக் கல் கட்டி இறக்கி, அடித்தண்ணீரை எடுக்க வேண்டும்.

"அண்ணாச்சி, நீங்க போயிட்டு வாரீங்களா?" என்று ஜீப் டிரைவரைக் கேட்டேன்.

"நான் ஜீப்புக்குத்தாம்வே டிரைவர். டியூப்புக்கு இல்ல."

சரி, முதலில் செடிகொடிகளைக் குறிப்போம் என்று எருக்கஞ்செடிகளை எண்ண ஆரம்பித்தேன். எண்ணி முடித்து, மறுபடி எண்ணினேன். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன சார், தண்ணியக் கண்டா பயமா? இடுப்பளவுதான் இருக்கும். நானே நடுவுல நின்னு துணி அலசியிருக்கேன். பைய போங்க, டியூப்புல கட்டுன கயித்த நாங்க புடிச்சுக்கிடுதோம்."

இடுப்பளவுதானே என்று கிளம்பிவிட்டேன். நடுவில் போய்ப் பாட்டிலை இறக்கினேன். அதன் கயிறு போனது. போய்க்கொண்டே இருந்தது. என் இடுப்பு இத்தனை உயரமா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். கயிறு தீரப்போகிற சமயத்தில்தான் கல் தரை தட்டியது. கயிற்றைச் சுண்டினால் பாட்டில் மூடி திறந்துகொள்ளும். சுண்டுகிற வேலையை என் நடுக்கமே செய்துவிட்டது.

"இழுங்க! இழுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கரையில் நின்ற ஆடுகள் தலைதூக்கிப் பார்த்தன.

"பாட்டில் நெறஞ்சிட்டாவே?" என்று நிதானமாகக் கேட்டார் அண்ணாச்சி.

முடிவு வந்ததும் நானே போய்ச் சொன்னேன். தண்ணீரில் விஷம் ஏதுமில்லை. சுண்ணாம்பு கூடுதல்; பருப்பு வேகாது, ஆடு தாராளமாகக் குடிக்கலாம். செங்குத்தான பக்கத்துக்கு மட்டும் வேலி. முன்பு கல் ஏற்ற லாரி இறங்கிய சரிவு திறந்தே இருக்கும். அக்கா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். உடனே ஆடுகளைச் சரிவில் இறக்கிவிட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன்க்கா, பனைமர ஆழத்தப் போய் இடுப்பளவுன்னு சொல்லிட்டீங்களே?"

அவர் ஆடுகளைப் பார்த்தபடியே சொன்னார்: "நெசத்தச் சொன்னா போயிருப்பீயளா?"