வாப்பாவைச் சுமந்த முழங்கால்

கடற்கரையில் பந்து விளையாடும்போது, என் வலது முழங்காலில் எலும்புகளைப் பிடித்து வைத்திருக்கும் நார் அறுந்துபோனது. “நேரா நடந்தா ஒண்டும் தெரியாது. திரும்பக்குள்ளதான் மூட்டு வழுக்கும். முழங்காலுக்குப் பட்டி போடாம வெளிய போகாதீங்க” என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

நான்கு மாதம் கழித்து வாப்பா மௌத்தானார். பட்டியைக் கண்டால் அவரது உடலைச் சுமக்கும் சந்தூக்கைத் தூக்க விடமாட்டார்கள் என்று அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தோள் கொடுத்தேன். மூத்த மகன் அல்லவா! வழியெல்லாம் ஆட்கள் மாறி மாறிச் சுமந்தார்கள்; நான் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தார் வீதியில் கால் ஒழுங்காகத்தான் வந்தது. அடக்கம் செய்யும் மையவாடியின் வாசலில் மணலுக்குள் திரும்பியதும் மூட்டு விலகியது. நான் சரிந்தேன். என்னோடு வாப்பாவும் சரிந்தார்.

“காக்கா, உடுங்க! நான் புடிக்கிறன்!” தம்பி பாய்ந்து தாங்கியிராவிட்டால் வாப்பா மணலில் விழுந்திருப்பார்.

அடக்கம் முடிந்ததும் மாமா என் கையைப் பிடித்தார். “வாப்பாட கவலையில கால் தளந்துட்டு. சபுர் செய்யுங்க மகன்.”

“ஓம் மாமா” என்றேன்.

உம்மாவும் அப்படித்தான் நம்புகிறா. அந்த வாசலில், பட்டியை இறுக்கிக் கட்டியிருந்தும், இன்றும் மெதுவாகத்தான் திரும்புகிறேன்.