பட்டுச்சேலை கட்டிப் பால்மரம் வெட்டுகிறார்களாம்

இன்று ஈப்போவில், ரயில் மாடல் சாமான் விற்கும் கடையிலேயே எங்கள் குழுத் தலைவரோடு எனக்குச் சண்டை.

ஒரு மேசை நிறைய சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தை மாடலாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். தண்டவாளம் போட்டாயிற்று, மரம் நட்டாயிற்று. பால்மரம் வெட்டும், அதாவது பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுக்கும், பெண்கள்தான் பாக்கி. நகம் அளவு பொம்மைகள்.

தலைவர் ஒரு பாக்கெட்டை எடுத்தார். ஆறு பெண்கள். ஆறு பேருக்கும் சிவப்புப் பட்டுச்சேலை, தலையில் குடம்.

"அண்ணே, வெட்டுக்குப் போறவங்க பட்டா கட்டுவாங்க? எங்கம்மா கைலிக்கு மேல அப்பாவோட முழுக்கை சட்டை, பூட்ஸ் போட்டுத்தான் போவாங்க. இல்லன்னா கொசு தூக்கிட்டுப் போயிடும் லா."

"பார்க்க கலரா இருக்கணும் லா. எங்கப்பா அந்தத் தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி. நான் அங்கயே வளந்தவன். எனக்குத் தெரியாதா?"

தெரியாது. விடியுமுன் எங்கம்மா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அதே தோட்டத்துக் காட்டுக்குள் போனபோது இவர் போர்வைக்குள் இருந்தார். இவர் பார்த்த சேலையெல்லாம் கோயில் திருவிழாவில் பார்த்தது.

பக்கத்தில் ஜெர்மன் விவசாயிகள் பாக்கெட் இருந்தது. முழுக்கை சட்டை, பூட்ஸ், தொப்பி. எடுத்துக்கொண்டேன்.

"டேய், இது ஆம்பளைங்க லா!"

"எங்கம்மா இப்படித்தான் இருப்பாங்க."

இன்னும் ஒரு பொம்மைதான் கிடைக்கவில்லை. கிராணி வீட்டு ஜன்னலுக்குள் வைக்க, விடிந்த பிறகும் தூங்கும் பையன். எங்கே விற்கிறார்கள், யாருக்காவது தெரியுமா?